பத்தரை மணி வைகறை

(கடலூர், புதுப்பாளையத்தில் ஒரு தெரு. விற்று முடித்துத் திரும்பும் மீன்கார அம்மாவை, லுங்கியும் கொட்டாவியுமாக வழிமறிக்கிறார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.)

ஆசிரியர்: வஞ்சிரம் இருக்கிறதா அம்மா?

மீன்கார அம்மா: ஏழு மணிக்கே போய்விட்டது ஐயா. காரப்பொடி மீன் ஒரு கூறு கிடக்கிறது. தூங்கினவன் கன்று கடாக்கன்று.

ஆசிரியர்: எனக்கேவா பழமொழி?

மீன்கார அம்மா: எருமை ஈனும் இரவில் ஒருவன் தூங்கினானாம். விழித்திருந்தவன் தன் கடாக்கன்றை அங்கே தள்ளிவிட்டு, இவனுடைய கிடாரியை ஓட்டிக்கொண்டு போனானாம். உங்கள் வஞ்சிரமும் எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

ஆசிரியர்: முப்பது வருடம் 'வைகறைத் துயில் எழு' என்று பலகையில் எழுதிப் போட்டவன் நான்!

மீன்கார அம்மா: உங்களிடம் படித்த என் மகன் அதை விடாமல் பிடித்துக்கொண்டான். தரைக்காற்று அடங்குவதற்குள் படகைத் தள்ள வேண்டுமென்று மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறான். வைகறை என்றால் எத்தனை மணி ஐயா?

ஆசிரியர்: (பழக்கதோஷத்தில்) இரவு 2 முதல் 6 வரை. 6 முதல் 10 வரை காலை. அதற்கு மேல்...

மீன்கார அம்மா: அதற்கு மேல்?

ஆசிரியர்: நண்பகல்.

மீன்கார அம்மா: இப்போது பத்தரை.

ஆசிரியர்: ஔவையார் கண்டிப்பானவர். வள்ளுவரைப் பாருங்கள், 'தூங்குக' என்றே குறளைத் தொடங்குகிறார்.

மீன்கார அம்மா: 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை.' பையன் ஒரு வாரம் வீட்டில் கத்தினான், எனக்கும் பாடமாகிவிட்டது. அதில் தூங்குவது என்றால் காலம் தாழ்த்துவதாம், உறக்கம் இல்லையாம். மாற்றி எழுதியதற்கு நீங்கள் போட்ட அடி இன்னும் அவனுக்கு நினைவிருக்கிறது.

(ஆசிரியர் கூடைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிகிறார்.)

ஆசிரியர்: உண்மையில் நான் தூங்குவதில்லை அம்மா. விழிப்பு ஐந்துக்கே வந்துவிடும். கண்ணை மூடிச் சிந்தித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

மீன்கார அம்மா: அது இன்னும் மோசம். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். நாளை ஆறு மணிக்கு வாசலில் கூப்பிடட்டுமா?

ஆசிரியர்: ஆறா? கூப்பிட வேண்டாம். வஞ்சிரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போங்கள், காசு பிறகு தருகிறேன்.

மீன்கார அம்மா: திண்ணையில் உங்கள் வீட்டுப் பூனை படுத்திருக்குமே ஐயா.

ஆசிரியர்: அந்நேரத்தில் அதுவும் தூங்கும்.

மீன்கார அம்மா: தினமும் ஐந்தரைக்கே தெருமுனையில் என்னை எதிர்கொள்கிறது. அதற்கு யார் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தார்களோ!