காட்டுக்குள் இருக்கும் கற்சுவர்களை விற்பது பற்றி

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக் காடுகளில் நடப்பவர்கள், அருகில் வீடோ வயலோ இல்லாத இடத்தில், காரை பூசாமல் அடுக்கிய தொடையளவு உயரக் கற்சுவர் ஒன்று மரங்களுக்கிடையே நெடுந்தூரம் ஓடுவதைக் காணலாம். இந்தச் சுவர்களைப் பிரித்து, பாசி படர்ந்த பழங்கல் என்று தோட்ட அலங்காரத்துக்கு விற்கிறார்கள். இந்த வணிகத்தில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

காரணம், அந்தச் சுவர்களைப் படிக்க முடியும். பெருங்கற்களின் இடுக்குகளில் கைப்பிடியளவுச் சிறுகற்கள் நிறையத் திணிக்கப்பட்டிருந்தால், சுவரின் ஒரு பக்கமாவது ஏர் ஓடிய நிலமாக இருந்திருக்கும். குளிர்காலத்தில் மண்ணின் ஈரம் உறைந்து விரியும்போது, பனியுகப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற கற்கள் சிறிது சிறிதாக மேலெழும். உழுவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி ஓரத்தில் போடுவது ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய வேலை. பெருங்கற்கள் மட்டுமே இருந்தால் அது பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தின் எல்லை. முன்னோரின் கலைத்திறன் என்று இன்று வியக்கப்படும் சுவர்களில் பல, உண்மையில் கல்லைப் போட வேறு இடமில்லாததால் எழுந்தவை என்பதே என் எண்ணம்.

1810ஐ ஒட்டி, லிஸ்பனில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஜார்விஸ் மெரினோ செம்மறியாடுகளை நியூ இங்கிலாந்தின் வெர்மான்ட் மாநிலத்துக்குக் கொண்டுவந்தார். 1840இல் அம்மாநிலத்தில் மனிதர்களைவிட ஆடுகள் ஐந்து மடங்குக்கும் அதிகம். மேய்ச்சலுக்காக மலைச்சரிவுகளிலும் காடு அழிக்கப்பட்டது. ஆனால் 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயும் பின்வந்த இரயில் பாதைகளும் மேற்கின் மலிவான கம்பளியையும் தானியத்தையும் கொண்டுவந்து கொட்டவே, மலைப்பண்ணைகள் தாக்குப்பிடிக்கவில்லை; கைவிடப்பட்ட நிலங்களில் மீண்டும் காடு வளர்ந்தது. இதைச் சோகக் கதையாகவே சொல்வது வழக்கம்; மேற்கே ஒஹையோவின் கல்லில்லாத மண்ணைத் தேடிப் போனவர்கள் அப்படி நினைத்திருப்பார்களா என்பது ஐயமே. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் எஞ்சியவை கல் கட்டிய நிலவறைக் குழியும் புகைபோக்கியின் அடித்தளமும்தான். வாசலில் நட்ட லைலாக் புதர் மட்டும், வாசலே இல்லாத இடத்தில், இன்றும் மே மாதத்தில் பூக்கிறது.

சட்டப் பாதுகாப்பு அரைகுறையாகவே இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் பிறர் சுவரிலிருந்து கல்லெடுப்பவர் மும்மடங்கு இழப்பீடு தர நேரிடும். ஆனால் உரிமையாளரே விற்றால் அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. மாசசூசெட்ஸில் எழில் சாலை என்று அறிவிக்கப்பட்ட சாலையின் ஓரச் சுவரை இடிக்கப் பொது விசாரணை நடத்தி, ஊர்த் திட்டக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். காட்டுக்குள் உள்ள சுவருக்கு அந்த விதி பொருந்தாது. காரில் போகிறவர் கண்ணுக்குத் தெரியும் சுவருக்குத்தான் மதிப்பு என்றாகிறது.

எங்கே சுவர் இருக்கிறது என்று தெரியாமல் எப்படிக் காப்பது என்ற வாதமும் இனி நிற்காது. விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி நிலத்தை அளக்கும் லைடார் முறையில், இலைச்செறிவுக்கு அடியில் மறைந்த சுவர்களையும் பண்ணைகளையும் பழைய சாலைகளையும் கண்டறிய முடியும் என்பதை கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இலேயே காட்டிவிட்டார்கள். அந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு, சாலையோரச் சுவருக்குள்ள பொது விசாரணை விதியைக் காட்டுச் சுவருக்கும் ஊராட்சிகள் நீட்டிக்க வேண்டும். தன் நிலத்துச் சுவரை விற்க நினைக்கும் உரிமையாளரும் அந்த விசாரணைக்கு வந்து காரணம் சொல்லட்டும்.