டூட்டூ கால் தெரியத்தான் தைக்கிறது

சாமத்தியவீடு முடிந்த கையோடு முதலில் நிற்கிறது பாலே வகுப்புத்தான். கணக்கு ரியூசன் நிற்காது. வயலின் நிற்காது. பரதநாட்டியம் அரங்கேற்றம் வரைக்கும் எப்படியாவது இழுபட்டுப் போகும். பாலே மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குப் பாலே சொல்லிக்கொடுக்கிறவள் என்றபடியால் இதை வருசா வருசம் பார்க்கிறேன். சொல்லுகிற காரணமும் மாறுவதில்லை. "டீச்சர், பிள்ளை வளர்ந்திட்டாள். இனி அந்தக் குட்டைப் பாவாடையோட மேடையில ஏத்த ஏலாது. கால் எல்லாம் தெரியுது."

அந்தத் தாய்மாரில் பலர் என் சிநேகிதிகள். அவர்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. ஆனால் நான் உயிராய் நேசிக்கிற ஒரு உடுப்பைப் பற்றித் தப்பான கதை ஒன்று நம் வீடுகளில் ஓடுகிறது. அதைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

டூட்டூ என்கிற அந்தப் பாலேப் பாவாடை முதலில் குட்டையாக இருக்கவில்லை. 1832இல் பாரிஸ் ஒப்பேராவில் மரி தல்யோனி 'லா சில்ஃபீட்' ஆடியபோது உடுத்தது, முழங்காலுக்குக் கீழே நன்றாக இறங்கி மணிபோல் விரிந்த வெள்ளைப் பாவாடை. அவர் விரல் நுனியில் நின்று ஆடியது அந்த நீளப் பாவாடையோடுதான். பிறகு வந்த பல பத்தாண்டுகளில் ஆட்டம் கடினமாகிக்கொண்டே போனது. துள்ளலில் கால்கள் அடித்துப் பின்னுகிற வேகம் கூடியது, சுற்றுகள் கூடின. இத்தாலியிலிருந்து வந்த ஆட்டக்காரிகள் தங்கள் கால் வேலையைச் சபை பார்க்க வேண்டும் என்று பாவாடையை மேலே மேலே ஏற்றினார்கள். 1895இல் சென் பீட்டர்ஸ்பர்க்கில் 'அன்னப் பொய்கை'யில் பியரினா லென்யானி ஒற்றைக் காலில் 32 சுற்றுச் சுற்றினார். நிற்கிற கால் இடம் விட்டு நகருதா, முழங்கால் நேராய் இருக்கா, குதி ஒவ்வொரு சுற்றுக்கும் இறங்கி ஏறுதா என்று பார்க்கிறதுதான் அங்கே ரசனை. பாவாடை கணுக்கால்வரை தொங்கினால் எதைப் பார்க்கிறது?

நம் பரதநாட்டிய உடுப்பை யோசித்துப் பாருங்கள். முன்னால் ஏன் விசிறி வைத்துத் தைக்கிறோம்? அரைமண்டியில் இருக்கும்போது முழங்கால் எவ்வளவு விரிகிறது என்று அந்த விசிறி காட்டிக்கொடுக்கும். மண்டி போதாவிட்டால் விசிறி விரியாது, முன்வரிசையில் இருக்கிற எந்தக் குருவும் கண்டுபிடித்துவிடுவார். அங்கே விசிறி செய்கிற வேலையை இங்கே குட்டைப் பாவாடை செய்கிறது. இரண்டுமே ஆட்டக்காரியின் உடம்பு செய்கிற உழைப்பை மறைக்காமல் காட்டத் தைத்த உடுப்புகள்.

அந்த வெள்ளை வலைப் பாவாடைக்காக உயிர் போயிருக்கிறது. எம்மா லிவ்ரி என்கிற பாரிஸ் பெண், தல்யோனியிடமே பாடம் கேட்டவள். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது மேடையின் எரிவாயு விளக்கில் அவளுடைய பாவாடை பற்றிக்கொண்டது. தீப்பிடிக்காமலிருக்க மருந்தில் தோய்த்த துணி அப்போதே இருந்தது. ஆனால் தோய்த்தால் துணி விறைத்து மங்கிப்போகிறது என்று அவள் அதை உடுத்த மறுத்திருந்தாள். எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தாள். வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுவேன். சொல்லி முடிய அவர்கள் பாவாடையைக் கையில் எடுக்கிற விதமே மாறிவிடும்.

எங்களுடைய டூட்டூக்களை நாங்களே தைக்கிறோம். புறக்கோட்டையில் கடை கடையாய் ஏறி இறங்கி விறைப்பான நெட் தேட வேண்டும். கலியாணச் சட்டைக்கு வாங்குகிற மெல்லிய நெட் சரிவராது, கொழும்புக் காற்றின் ஈரத்துக்கே தொய்ந்துவிடும். இடுப்போடு ஒட்டின காற்சட்டை ஒன்று. அதன்மேல் வரிசை வரிசையாக நெட், அடியில் குட்டையானது, மேலே போகப் போக நீளமானது. பத்துப் பன்னிரண்டு அடுக்கு வரும். எல்லாம் பொருத்திய பிறகு அடுக்குகளை ஒன்றோடொன்று தளர்வாய்க் கையால் தைத்துப் பிடிக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் சுருங்கும், தைக்காமல் விட்டால் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு பக்கம் போகும். முதுகில் சிப் கிடையாது, கொக்கிதான். இரண்டு வரிசை கொக்கி வைத்தால் நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கும் அளவாகும். ஆடி முடிந்ததும் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் அடுக்குகள் விறைத்து நிற்கும். என் வீட்டு அறைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒன்று தலைகீழாய்த் தொங்கும்.

காலுறை விசயம் எனக்கு இன்னும் நெஞ்சுக்குக் கிட்டினது. கடையில் கிடைக்கிற பாலே காலுறையும் சப்பாத்தும் வெளிர் ரோஸ் நிறம். அது யாருடைய தோல் நிறம்? காலின் கோடு இடுப்பிலிருந்து விரல் நுனிவரை உடையாமல் ஓட வேண்டும் என்பதற்காக வந்த நிறம் அது. எங்கள் உடம்பில் அதே நிறம் கோட்டை இடுப்பிலேயே உடைத்துப் போடுகிறது. அமெரிக்கக் கறுப்பின பாலே ஆட்டக்காரர் ஆதர் மிச்சல் 1969இல் நியூயோர்க்கில் தொடங்கிய டான்ஸ் தியேட்டர் ஒஃப் ஹார்லம் குழுவினர், அவரவர் தோலுக்கு ஏற்றபடி காலுறைக்கும் சப்பாத்துக்கும் சாயமிட்டு ஆடிக் காட்டினார்கள். லண்டனில் பாலே சப்பாத்துச் செய்கிற ஃப்ரீட் கொம்பனி, கறுப்பின, ஆசிய ஆட்டக்காரர்களின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து, விரல் நுனியில் நின்று ஆடப் போடுகிற பொயின்ட் சப்பாத்துகளை மண்ணிறத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018இல்தான். நாங்கள் தேயிலைத் தூளைக் கடும் சாயமாய்க் கொதிக்கவைத்து, வடித்து, அதில் காலுறையை ஊறப்போடுகிறோம். கொஞ்ச நேரம் போதும் சிலருக்கு, இரவு முழுக்க வேண்டும் எனக்கு. சப்பாத்தின் சற்றினில் முகத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேசனைப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசுவோம். பூசி முடித்து முதல் தடவை கண்ணாடியில் தன் காலை முழுசாய்ப் பார்த்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேணும்.

"எல்லாம் சரி டீச்சர், ஆனால் இது நம்முடையது இல்லையே" என்று கேட்பார்கள். சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி முதலில் மயங்கியது ரஷ்ய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில். பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே படித்தார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போ என்று அவரைத் திருப்பிவிட்டதே பாவ்லோவாதான். 1935இல் ருக்மிணி தேவி பரதநாட்டியம் ஆடி மேடையேறினார், 1936இல் கலாக்ஷேத்திரா பிறந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை நடன ஆசிரியைகள் அங்கே படித்துவிட்டு வந்தவர்கள்! இந்தத் தீவிலேயே சிங்கள நடனக் கலைஞர் சித்திரசேன 'நளதமயந்தி'யை முழுநீள நாட்டிய நாடகமாக ஆக்கினார். தமயந்தியிடம் தூது போன அன்னமாக அவர் மனைவி வஜிரா ஆடியதைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்றைக்கும் கண் விரியப் பேசுவார்கள். ஆட்டங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துத்தான் வளர்ந்திருக்கின்றன.

இன்னொன்று, பாலேயைச் சோதனைப் பாடமாகவே வைத்திருக்கிறோம். லண்டன் அகடமி கிரேட், சான்றிதழ், அத்தோடு சரி. பெரிய பெண்களுக்கு ஆட இடம் எங்கே? லயனல் வென்ட் மேடை எப்போதாவது ஒரு மாலை கிடைக்கும். அதனால்தான் நாங்கள் டூட்டூவைத் தூக்கிக்கொண்டு, திறந்தவெளியில் உடுத்தி ஆட ஊர் சுற்றுகிறோம். வங்கியில் வேலை செய்கிற ஒருவர், பேரப்பிள்ளை கண்ட ஒருவர், நான், இன்னும் சிலர். பொயின்ட் சப்பாத்தைக் கொண்டுபோவதில்லை. தண்டவாளக் கல்லில் அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் சற்றினும் போகும் கணுக்காலும் போகும். கன்வஸ் சப்பாத்தே காணும்.

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம் தெரியும்தானே, 1921இல் இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டியது. அதற்கு மேலே தேயிலைப் பக்கமாய் ஏறுகிற பாதையில் நாங்கள் உடுத்திக்கொண்டு நின்றபோது, கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அம்மா நின்றுவிட்டார். "ஏம்மா, இது நுளம்பு வலைத் துணியா?" என்றார். இல்லை, இதுவும் ஒரு வலைதான் என்றேன். கிட்ட வந்து, கறை படிந்த விரலால் ஓரத்தைத் தூக்கி அடுக்கு அடுக்காய்ப் பிரித்துப் பார்த்தார். "இத்தனையும் கையால தச்சதா?" பிறகு, "சுத்து பாப்போம்" என்றார். சுற்றினேன். பின்னால் வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர்களில் ஒருத்தி தானும் கையை விரித்துச் சுற்றினாள். அங்கே ஒருவரும் என் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விறைத்த வலை சுற்றும்போது எழுகிற அந்தச் சரசர ஒலியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பிள்ளையின் வகுப்பை நிறுத்த யோசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குட்டைப் பாவாடைதான் பிரச்சினை என்றால், தல்யோனி உடுத்த நீளப் பாவாடை இன்னும் இருக்கிறது. 1841இன் 'ஜிசெல்' இரண்டாம் அங்கம் முழுக்க இன்றைக்கும் அதோடுதான் ஆடுகிறார்கள். அதைத் தைத்துத் தருகிறேன், துணிக் காசு மட்டும் தாருங்கள், தையல் என்னுடையது. ஆட்டத்தை மட்டும் நிறுத்தவேண்டாம். பன்னிரண்டு வயதில்தான் கணுக்கால் பலம் பிடிக்கத் தொடங்கும், பொயின்ட் சப்பாத்துக்கு உடம்பு தயாராகிற வயது அது. அந்த நேரம் பார்த்து மறிக்கிறோம்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறோம். கோட்டை அகழிப் பக்கம், பிறகு காரைநகர் கசூரினாக் கடற்கரை. நின்றுபோன மாணவிகளும் தாய்மாரும் வரலாம், உடுப்பு என்னிடம் இருக்கிறது. யாழ்தேவியில் மேல்தட்டில் டூட்டூப் பை கொள்ளாது, மடிக்கவும் ஏலாது. அதனால் பைகளுக்கு என்று தனியாக சீட் பதியப்போகிறேன். வருகிறவர்கள் கொஞ்சம் முந்தியே பெயர் சொல்லுங்கோ.