முர்ரேயின் வேகத்தைக் குறை சொல்லுங்கள், உதையைச் சொல்லாதீர்கள்

ரக்பி ஆட்டக்காரர் கோனர் முர்ரே, அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாண அணியை விட்டுப் போய்விட்டார். அதற்கு முன்பே, 2025 மார்ச்சில் ரோமில் இத்தாலியுடன் ஆடிய ஆட்டத்தோடு அயர்லாந்து சட்டையையும் கழற்றிவிட்டார். அயர்லாந்துக்கு 125 டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்), பிரிட்டன்-அயர்லாந்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்த லயன்ஸ் அணியோடு மூன்று பயணம், ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதுகிற சிக்ஸ் நேஷன்ஸில் ஐந்து பட்டம், அதில் இரண்டு எல்லா ஆட்டத்தையும் வென்ற கிராண்ட் ஸ்லாம். இவ்வளவு செய்துவிட்டுப் போகிறவரைப் பற்றி மன்ஸ்டரின் ஊரான லிமெரிக்கில் சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு கூட்டம், இந்த நாடு கண்ட ஆகச் சிறந்த ஸ்க்ரம் ஹாஃப் அவர்தான் என்கிறது. இன்னொரு கூட்டம், மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே ஒதுங்கியிருக்க வேண்டும், சும்மா சும்மா பந்தை வானத்துக்கு உதைத்தே ஆட்டத்தைக் கெடுத்தார் என்கிறது.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவன். கூட வேலை பார்க்கிறவர்கள் மன்ஸ்டரின் மைதானமான தோமண்ட் பார்க்குக்கு இழுத்துப் போய்ப் பழக்கியதில் ரக்பி பிடித்துப்போய், இப்போது சனிக்கிழமை என்றால் எனக்கு வேறு யோசனையே கிடையாது. முர்ரே விஷயத்தில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. அவர் மெதுவானவர் என்ற குறை உண்மை. உதைத்தே கெடுத்தார் என்ற குறை பொய். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ரக்பி பார்க்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம். பந்து வைத்திருப்பவரை எதிரணி மடக்கிக் கீழே தள்ளியதும், அந்தப் பந்துக்கு மேலே இரண்டு அணியின் பெரிய ஆட்களும் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதுதான் ரக். அந்தக் குவியலின் பின்னாலிருந்து பந்தை எடுத்து, கொடுப்பதா, உதைப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று முடிவு செய்பவர் 9-ஆம் எண் சட்டைக்காரர், ஸ்க்ரம் ஹாஃப். ஆட்டம் முழுக்க, ஒவ்வொரு சில விநாடிக்கும் அவருக்கு இந்த வேலைதான். அவர் தடுமாறினால் மற்ற 14 பேரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்போது அந்த உதைக்கு வருவோம். பாக்ஸ் கிக் என்பார்கள். டிவியில் பார்க்கும்போது, ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒருவர் பந்தை மேலே அனுப்புகிற மாதிரித்தான் தெரியும். மைதானத்தில் பக்கவாட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் இரண்டு மூன்று ஃபார்வர்டுகள், அந்தப் பெரிய ஆட்கள், ஒருவர் பின்னால் ஒருவராக ரக்கில் வந்து ஒட்டிக்கொண்டு வாலை நீட்டுவார்கள். முர்ரே குனிந்து, பந்தைக் காலால் மெல்ல உருட்டி அந்த வாலின் கடைசிக் காலடிக்குக் கொண்டுவருவார். நடுவர் "பந்தை எடு" என்று குரல் கொடுத்ததும் ஐந்து விநாடிதான். அந்த ஐந்து விநாடிக்குள் அவர் தலை இடது பக்கம் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை திரும்பும். துரத்தப் போகிற விங்கர், அதாவது ஓரத்தில் நிற்கிற வேகக்காரர், தயாரா என்று பார்க்கிறார். அப்புறம் பந்தை எடுத்து ஒரு எட்டுப் பின்னால் வைத்து, வலது காலால் செங்குத்தாக உதைப்பார். பந்து நாலு விநாடி காற்றில் நிற்கும். அது இறங்குகிற இடத்துக்கு நம் விங்கரும் எதிரணி ஆளும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இரண்டு மீட்டர் கூடிவிட்டால் எதிரணிக்குச் சும்மா கொடுத்த பந்து. இரண்டு மீட்டர் குறைந்தால் நம் ஆளுக்கு எட்டாது. இதை மழையிலும், மேற்கே கடலிலிருந்து வருகிற இந்த ஊர்க் காற்றிலும் பத்து வருஷத்துக்கு மேல் அந்த அளவு பிசகாமல் செய்தவர் முர்ரே. ஜோ ஷ்மிட் அயர்லாந்துப் பயிற்சியாளராக இருந்த 2013 முதல் 2019 வரை அணியின் திட்டமே அதைச் சுற்றித்தான் இருந்தது. அதைப் பார்க்க அழகில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பயத்தில் உதைத்த உதை இல்லை. பந்தைத் திரும்பப் பிடிப்பதற்காக உதைத்த உதை. வானத்துக்கு உதைத்துத் துரத்துகிற ஆட்டத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஊரறியச் செய்தது இதே லிமெரிக்கின் கேரிஓவன் கிளப். முர்ரே அந்தக் கிளப்பில் ஆடியவர். இந்த ஊர்க்காரர்களே அவர் உதைக்கும்போது முனகுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

அந்த உதையின் மதிப்பு எதிரணிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 2017 ஜனவரியில் மன்ஸ்டர் கிளாஸ்கோவுடன் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, உதைக்கும்போது ஊன்றி நிற்கிற காலைக் குறிவைத்துப் பாய்ந்தார்கள் என்று முர்ரே வெளிப்படையாகவே கோபப்பட்டார். அதே வருஷம் நியூசிலாந்தில் முதல் டெஸ்ட் முடிந்ததும் லயன்ஸ் பயிற்சியாளர் வாரன் கேட்லண்டும் அதே புகாரைச் சொன்னார். ஒன்றுக்கும் உதவாத உதையை நிறுத்த யாராவது இப்படி மெனக்கெடுவார்களா?

சரி, குறைக்கு வருகிறேன். முர்ரேக்கு முன்னால் இங்கே 9-ஆம் எண்ணில் ஆண்டவர் பீட்டர் ஸ்ட்ரிங்கர். ரொம்பச் சின்ன உருவம். பந்து தரையில் இருக்கும். அடுத்த கணம் ஆட்டக்காரர் கையில் இருக்கும். நடுவே எடுத்தது, நிமிர்ந்தது எதுவும் கண்ணில் படாது. முர்ரே அப்படி இல்லை. பந்தை எடுத்து, சற்று நிமிர்ந்து, பல நேரம் ஒரு எட்டும் வைத்துவிட்டுத்தான் வீசுவார். அந்த ஒரு எட்டில் எதிரணித் தடுப்பு வரிசை ஒரு மீட்டர் முன்னால் வந்துவிடும். ஒரு ரக்கிலிருந்து அடுத்த ரக் வரை ஆடுவது ஒரு ஃபேஸ்; ஃபேஸுக்கு ஒரு மீட்டர் என்றால் பத்து ஃபேஸில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஷ்மிட் காலத்தில் இது அவ்வளவு உறுத்தவில்லை, ஏனென்றால் அந்த ஆட்டமே நிதானமான ஆட்டம். 2020-இல் ஆண்டி ஃபாரல் பொறுப்புக்கு வந்து வேகத்தைக் கூட்டியதும் உறுத்த ஆரம்பித்தது. 2021 நவம்பரில் டப்ளினில் நியூசிலாந்தை 29-20 என்று சாய்த்த அன்று 9-ஆம் எண்ணில் இறங்கியவர் ஜேமிசன் கிப்சன்-பார்க். ரக்குக்கு ரக் ஓடி, நடுவர் கை இறங்குவதற்குள் பந்தை வெளியே எடுத்துவிடுகிற ஆள். அன்றைக்குப் பிறகு முதல் இடம் யாருக்கு என்பதில் எனக்கு விவாதமே இல்லை. முர்ரே பெஞ்சுக்குப் போனது சரி.

ஆனால் "மெதுவு" என்பவர்கள் 2018 பிப்ரவரி பாரிஸை மறந்துவிடுகிறார்கள். நனைந்த மைதானம், பிரான்ஸ் முன்னிலை, ஆட்ட நேரம் முடியப்போகிறது. ஒரு பந்து கை நழுவினால் எல்லாம் முடிந்தது. அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பக்கத்திலிருந்து 41 ஃபேஸ் கட்டி ஏறினார்கள். ஜானி செக்ஸ்டன் அடித்த டிராப் கோலை (பந்தைத் தரையில் தட்டி, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) எல்லோரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். அந்த ஈரப் பந்தை ரக்குக்கு ரக் போய்க் குனிந்து எடுத்துக் கொடுத்தவரை யாரும் பேசுவதில்லை. 15-13. அந்த வருஷக் கிராண்ட் ஸ்லாம் அங்கேதான் தொடங்கியது.

அவர் உடம்பைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. ஆறடிக்கு மேல் உயரம், ஃபார்வர்டு மாதிரி தோள். பெரும்பாலான ஸ்க்ரம் ஹாஃப்களை எதிரணியின் 8-ஆம் எண் ஃபார்வர்டு இடித்துத் தள்ளிவிட்டுப் போவார். முர்ரேயை அப்படித் தள்ள முடியாது. அதே உடம்போடு ரக்கின் ஓரத்தில் ஒரு சந்து தெரிந்தால் தானே நுழைந்துவிடுவார். யாருக்கு எதிராக டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டார் என்று பாருங்கள். 2012-இல் கிறைஸ்ட்சர்ச், 2013-இல் டப்ளின், 2016-இல் சிகாகோ, 2017-இல் லயன்ஸ் சட்டையில் வெலிங்டன். நான்குமே நியூசிலாந்துக்கு எதிராக. சிகாகோவில் 40-29. 111 வருஷ முயற்சிக்குப் பிறகு நியூசிலாந்தை அயர்லாந்து முதல் தடவையாக வென்ற நாள். அதற்குச் சில வாரம் முன்புதான் மன்ஸ்டர் பயிற்சியாளர் ஆண்டனி ஃபோலி இறந்திருந்தார். ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து ஹாக்கா என்ற தங்கள் மாவோரி நடனத்தை ஆடியபோது அயர்லாந்து வீரர்கள் ஃபோலி அணிந்து ஆடிய 8-ஆம் எண்ணின் வடிவில் நின்றார்கள். மன்ஸ்டர் பையன்கள் அந்த வாரங்களை எப்படிக் கடந்தார்கள் என்பது லிமெரிக்கில் எல்லோருக்கும் தெரியும். அந்த மனநிலையில் முர்ரே அன்று ஆடியது, அந்த இரண்டு வருஷத்தில் ஆடியது, உலகத்தில் வேறு எந்த ஸ்க்ரம் ஹாஃபும் அப்போது ஆடவில்லை. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

2018-இல் வந்த கழுத்துக் காயம்தான் திருப்பம் என்பது என் எண்ணம். பல மாதம் ஆடவில்லை. திரும்பி வந்தபோது உதையும் தடுப்பும் வந்தன. அந்தச் சந்தில் நுழைகிற துணிச்சல் முழுசாக வரவில்லை. ஓரத்தில் அவர் ஓட மாட்டார் என்று தெரிந்துவிட்டால் எதிரணிக் காவல்காரர் அவரை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கலாம். அப்போதுதான் அவருடைய மெதுவான கை நிஜமாகவே சுமையானது. 2019 உலகக் கோப்பைக் காலிறுதியில் நியூசிலாந்திடம் 46-14 என்று வாங்கிய அடி மொத்த அணிக்கும் விழுந்த அடி, அவர் ஒருவர் மேல் போட முடியாது. ஆனால் பழைய முர்ரேயை அதற்குப் பிறகு நான் அடிக்கடி பார்க்கவில்லை. 2021-இல் ஆலன் வின் ஜோன்ஸ் தோளில் அடிபட்டபோது லயன்ஸ் கேப்டன் பொறுப்பே இவருக்கு வந்தது. பிறகு ஜோன்ஸ் தேறித் திரும்பினார், தென்னாப்பிரிக்காவுடனான முதல் டெஸ்டில் 9-ஆம் எண்ணில் ஆரம்பித்தவர் அலி பிரைஸ். அந்த நாலு வாரத்துக்குள்ளேயே அவருடைய நிலைமை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. மதிப்பு குறையவில்லை, இடம் உறுதியில்லை.

அப்படியானால் கடைசி மூன்று வருஷம் வீணா? 2024-இல் இரண்டு ஆட்டம் பார்த்தால் போதும். மார்ச்சில் ட்விக்கன்ஹாம். அயர்லாந்து 22-20 என்று முன்னிலை, இரண்டாவது வருஷமாகக் கிராண்ட் ஸ்லாம் கைக்கு எட்டுகிற தூரம். கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த முர்ரே பந்தை உதைத்துவிட்டார். இங்கிலாந்து அங்கிருந்து கட்டிவந்து மார்கஸ் ஸ்மித்தின் டிராப் கோலில் 23-22 என்று ஜெயித்தது. கையிலேயே வைத்திருந்தால் பெனால்டி விழுகிற அபாயம் இருந்தது என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இருந்தாலும் அந்த நேரத்தில் பந்தை விட்டிருக்கக் கூடாது. அந்த ஒரு உதையை நான் காப்பாற்ற மாட்டேன்.

ஜூலையில் தென்னாப்பிரிக்கா. முதல் டெஸ்டில் 9-ஆம் எண்ணில் ஆடிய கிரெய்க் கேசி தலையில் அடிபட்டு வெளியேற, முர்ரே உள்ளே வந்து கடைசியில் ஒரு டிரையும் போட்டார். அடுத்த வாரம் டர்பனில், 35 வயதில், உலகச் சாம்பியனுக்கு எதிராக அவரே முதல் 9. கியரன் ஃபிராலியின் டிராப் கோல்களில் அயர்லாந்து 25-24 என்று வென்று தொடரைச் சமன் செய்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரைப் போகச் சொன்னவர்கள் அந்த வாரம் யாரை இறக்கியிருப்பார்கள்?

இன்னொன்று. 2024 இலையுதிர் காலத்தில், உலக அளவில் ஆட்டத்தை நடத்தும் அமைப்பான வேர்ல்ட் ரக்பி, நடுவர்களுக்கு ஒரு கண்டிப்பு சொன்னது. உயர்ந்து வரும் பந்தைத் துரத்துகிறவரை எதிரணி ஆட்கள் சுவர்போல நின்று மறைக்கக் கூடாது, மறைத்தால் பெனால்டி. அதற்குப் பிறகு எல்லா அணியும் பாக்ஸ் கிக்கைத் தேடிப் போகின்றன. காற்றில் பந்தைத் திரும்பப் பிடிப்பதே பெரிய ஆயுதமாகிவிட்டது. ஐந்து வருஷம் முன்னால் இந்தக் கண்டிப்பு வந்திருந்தால், அந்த வயது முர்ரேக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்க நினைக்க மனசு கேட்கவில்லை.

இப்போது மன்ஸ்டரின் 9 கேசி. ஐந்தரை அடிகூட இல்லாத உருவம், கை மின்னல். 2025 ஜூலையில் ஜார்ஜியாவிலும் போர்ச்சுகலிலும் அயர்லாந்துக்குக் கேப்டனாகவே இருந்தார். நல்ல ஆள், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் முர்ரேயை மெதுவு என்று திட்டிய அதே ஆட்கள், இனி கேசியை ஒரு 8-ஆம் எண் இடித்துத் தள்ளியதும் "முர்ரே இருந்தால் விட்டிருக்க மாட்டார்" என்று ஆரம்பிப்பார்கள். தோமண்ட் பார்க்கில் என் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்: அந்தப் பேச்சு என்னிடம் வேண்டாம். முர்ரேயின் தோளைக் கேசியிடம் தேடாதீர்கள். ஓரத்தில் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஃபார்வர்டை நிறுத்துங்கள் என்று பயிற்சியாளர்களைக் கேளுங்கள். உதையைத்தான் அவர் இன்னும் பழக வேண்டும், அதற்கு ஒரு சீசனாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.