காந்தத்தை வெச்சா தங்கம் பார்ப்பீங்க?

தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லித் தொலைங்களேன்! எதுக்கு வயசான பொம்பளையை நாலு பேர் முன்னாடி கூனிக்குறுக வைக்கிறீங்க?

காரைக்குடியில நேத்து. முகூர்த்த மாசம், நகைக்கடையில நிக்க இடமில்லை. அப்பத்தாவோட அஞ்சு பவுன் சங்கிலியைப் போட்டு மகளுக்கு வளையல் எடுக்கலாம்னு அம்மாவோட போனேன். கவுன்ட்டர்ல இருந்த பையன் முத்திரையைத் தேடினான், இல்லை. உடனே டிராயர்லேருந்து ஒரு காந்தம். சங்கிலி நெடுக மெதுவா ஓட்டிக்கிட்டே வந்தான், ஒட்டலை. கொக்கிகிட்ட வந்ததும் டக்குனு ஒட்டிக்கிச்சு. "ஆச்சி, இது கவரிங்!" கடைக்கே கேக்குது. பக்கத்துல ஆரம் பார்த்துக்கிட்டிருந்த குடும்பம் மொத்தமும் திரும்பி எங்கம்மா கழுத்தைப் பார்க்குது. அம்மா முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கிட்டாங்க.

அட, அந்தக் கொக்கி பின்னால மாத்தினது. உள்ளே இருக்கிறது எஃகு ஸ்பிரிங். அசல் தங்கக் கொக்கியிலயும் அதைத்தான் வைக்கிறான்! கவரிங் நகை பெரும்பாலும் செம்பு, இல்லேன்னா பித்தளை. ரெண்டுமே காந்தத்துல ஒட்டாது. அப்ப ஒட்டாத கவரிங்கை எல்லாம் தங்கம்னு வாங்கிக்குவியா நீ?

ஹால்மார்க் முத்திரை இல்லையாம். தங்கத்துக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) ஹால்மார்க் வந்ததே 2000-ல. கட்டாயமாக்கினது 2021-ல, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாப் போடுற ஆறு இலக்க அடையாளக் குறி, அதான் எச்யூஐடி, அது இல்லாம விக்கக் கூடாதுன்னது 2023 ஏப்ரல்லேருந்து. அதுவும் விக்கிற கடைக்குத்தான். அப்பத்தா கல்யாணத்துக்குச் செஞ்ச சங்கிலியில அதைத் தேடினா எப்படி இருக்கும்?

அப்புறம் உள்ளேருந்து ஒரு பெரியவர் வந்து உரைகல்லுல லேசா ஒரு இழுப்பு இழுத்தாரு. "மேல சரியாத்தான் இருக்கு, உள்ளே எப்படியோ." காரட் மெஷின்ல வெச்சாங்க, அதுவும் 22 காரட்டுனுதான் காட்டுச்சு. "மெஷினும் மேலாப்புலதான் பார்க்கும்மா." அது நெசந்தான், பூச்சு கனமா இருந்தா ஏமாத்திடும். கடைசியா எங்களைக் கேக்காமலே ஒரு வளையத்தைக் கத்தரிச்சுட்டாங்க! உள்ளேயும் அதே மஞ்சள். பையன் பில் புக்கைப் புரட்ட ஆரம்பிச்சுட்டான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை? கிடையாது.

வெட்டாமலே பார்த்திருக்கலாமே! நாற்பது கிராம் கெட்டிச் சங்கிலியை நூல்ல கட்டித் தண்ணியில முங்க விட்டு எடை போட்டா, 22 காரட்டுன்னா சுமார் ரெண்டேகால் கிராம்தான் குறையும். செம்புன்னா நாலரை குறையும். ஒரு டம்ளர் தண்ணி போதும். தராசு முன்னாடியேதானே இருக்கு? அதுலயும் சந்தேகம்னா பிஐஎஸ் அங்கீகாரம் பெத்த சோதனை மையத்துக்குப் போங்கன்னு மரியாதையாச் சொல்லு, போறோம்.

சங்கிலியைத் திருப்பி வாங்கிக்கிட்டு வெளியே வந்துட்டோம்.