மறதிநோய் வந்தவர் கார் ஓட்டலாமா? மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள்

"அப்பாவுக்கு 30க்கு 23தான் வந்திருக்கு. இனி கார் ஓட்டலாமா, கூடாதா?" மறதிநோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. அந்த ஒரு மார்க்கை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்பதும் தவறு, கூடாது என்பதும் தவறு.

அந்த மார்க்கைத் தருவது எம்.எம்.எஸ்.இ., ஞாபகத்தையும் சிந்தனையையும் 30 மார்க்குக்குப் பார்க்கும், 1975இல் வந்த சோதனை. இன்று என்ன கிழமை, சொன்ன மூன்று சொற்கள் நினைவிருக்கிறதா, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று போகும். வண்டி ஓட்டுவதை அளக்க அதை யாரும் உண்டாக்கவில்லை. 24 அல்லது அதற்குக் கீழ் என்றால் கூடுதலாகச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். நன்கு படித்தவர் 27 வாங்கிவிட்டு நாற்சந்தியில் திணறலாம். கவனத்தைப் பல பக்கம் வைப்பது, எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் கணிப்பது, சட்டென்று முடிவெடுப்பது ஆகியவைதான் ஸ்டியரிங் முன்னால் வேண்டியவை.

அதற்குக் கொஞ்சம் நெருக்கமானது டிரெயில் மேக்கிங் பி என்ற சோதனை. தாளில் 25 வட்டங்கள். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி, 1, அ, 2, ஆ என்று கோடு போட்டு இணைக்க வேண்டும். 3 நிமிடம் தாண்டினாலோ 3 தப்பு வந்தாலோ சந்தேகம் வலுக்கிறது. அகரவரிசை பழக்கமில்லாதவருக்கு இந்தச் சோதனை அநியாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த வகை மறதிநோய் என்பது முக்கியம். லூயி பாடி என்ற வகையில், எதிரே இல்லாத பொருளும் ஆளும் கண்ணுக்குத் தெரியும், தெளிவு வேளைக்கு வேளை மாறும். நல்ல நாளில் சோதித்தால் ஏமாந்துபோவோம். மூளையின் முன்பகுதி பாதிக்கும் வகையில் ஞாபகம் பத்திரமாக இருக்கும், பொறுமைதான் போய்விடும். சிவப்பு விளக்கை மதிக்காமல் போவார், மார்க் மட்டும் நன்றாக வரும்.

2010இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி தந்த வழிகாட்டுதலில், "நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன்" என்று நோயாளி சொல்வதை நம்பி முடிவெடுக்க முடியாது, பராமரிப்பவர் "பயமாக இருக்கிறது" என்றால் அதற்கு எடை உண்டு என்றார்கள். எனவே வீட்டாரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். காரில் புதுக் கீறல் உண்டா? பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்தாரா? பேரக்குழந்தையைத் தனியாக அவரோடு அனுப்புவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் மௌனமே பல நேரம் பதில். இன்னொன்று: பக்கத்து சீட்டில் மனைவி "சிவப்பு, நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தால், ஓட்டுவது இரண்டு பேர்.

சோதனைக்கு முன் கண்புரை, தூக்க மாத்திரை, மயக்கம் தரும் அலர்ஜி மாத்திரை, சர்க்கரை தாழ்வது எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இவை சரிசெய்யக் கூடியவை.

கடைசியில் தீர்ப்பு சொல்வது சாலைதான். இரட்டை பிரேக் உள்ள கார், முன்னால் பயிற்சியாளர், பின் சீட்டில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யும் திறனைக் கணிக்கும் நிபுணர்), ஏறக்குறைய ஒரு மணி நேரம். எதிர் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்புவதிலும் லேன் மாறுவதிலும்தான் குட்டு வெளிப்படும். "இரண்டாவது சந்தில் திரும்பி, பெட்ரோல் பங்க் தெரிந்ததும் நிறுத்துங்கள்" என்றால் திரும்புவார், நிறுத்த மறப்பார். வழி சொல்லாமல் புறப்பட்ட இடத்துக்கே வரச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. ஒரு கையால் ஸ்டியரிங் பிடிப்பது போன்ற பழைய கெட்ட பழக்கத்துக்காக ஃபெயில் போடக்கூடாது. பயிற்சியாளர் பிரேக்கை மிதிக்க வேண்டி வந்ததா என்பதே கேள்வி.

மறதிநோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும் சி.டி.ஆர். அளவுகோலில் (எண் கூடினால் நோய் அதிகம்) 2 வந்தால் சாலைச் சோதனையே வேண்டாம், நிறுத்திவிட வேண்டும். 1 என்றால் ஆபத்து அதிகம்; ஆனாலும் சிலர் தேறுகிறார்கள். 0.5 என்றால் பலர் தேறுவார்கள். தேறியவர் ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டும். நோய் நின்ற இடத்தில் நிற்காது. "பகலில் மட்டும், வீட்டருகே மட்டும்" என்ற சமரசம் எனக்கு ஒப்பவில்லை. குழந்தை குறுக்கே ஓடுவது வீட்டருகேதான், பகலில்தான்.

நிறுத்தச் சொல்வதை மருத்துவரிடம் விடுங்கள், மகன் வாயால் வேண்டாம். தாளில் எழுதி வாங்குங்கள்: "வண்டி ஓட்டக்கூடாது", தேதி, கையெழுத்து. நாளைக்கு அவர் சாவியைத் தேடும்போது சண்டை போடாமல் அந்தத் தாளைக் காட்டலாம், நாளை மறுநாளும் காட்டலாம்.