அரைக் காணியில் குறைந்த 10 சென்ட்

புதுச்சேரிப் பகுதியின் பாகூரில் இருக்கும் அத்தை மகன் சென்ற வாரம் கைப்பேசியில் அழைத்து, கடலூர் பக்கம் தாம் வாங்க நினைக்கும் ஒரு மனைக்கு வில்லங்கம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலேயே பதிவுத்துறையின் இணையதளத்தில் சார்பதிவகம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்து, அந்த மனையின் மீது நடந்த கிரயம், அடமானம், அடமான ரத்து எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஊரகக் கிளைகளில் பயிர்க்கடன் பார்த்து ஓய்வு பெற்ற வங்கி ஊழியன் என்ற முறையில், இதே வில்லங்கச் சான்றுக்காக விவசாயிகள் மனு எழுதிக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் சார்பதிவக வாசலில் காத்துக் கிடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டில் பதிவுத்துறையைக் கணினிமயமாக்கும் ஸ்டார் திட்டமாகத் தொடங்கி, 2018 பிப்ரவரியில் இணையவழிப் பதிவாக வளர்ந்த இந்த மாற்றத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பட்டாவுக்கும் இது பொருந்தும். க்யூஆர் குறியீட்டோடு வீட்டிலேயே அச்செடுத்துக்கொள்ளும் ஒரு தாளுக்காக, ஒரு காலத்தில் வட்டாட்சியர் முத்திரையை நாடி எத்தனை நடை நடந்திருப்போம்!

என் குறை வேறு. நில ஆவணத்தைப் பார்ப்பதை எளிதாக்கிய அரசு, அதில் உள்ள தவறைத் திருத்துவதை எளிதாக்கவில்லை. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடாமல் விட்டதால், முதல் வேலையே சில குடும்பங்களுக்குப் புதிய தொல்லையாகிவிட்டது என்பதை என் வீட்டுக் கதையைக் கொண்டே சொல்கிறேன்.

பெண்ணையாற்றுக்கு வடக்கே, புதுச்சேரி எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் தாத்தா 1968இல் அரைக் காணி நன்செய் வாங்கினார். எங்கள் பக்கத்துக் காணி என்பது 24 அடிக்கு 24 அடி கொண்ட குழி நூறு. ஏக்கர் கணக்கில் 1 ஏக்கர் 32 சென்ட். ஆக அரைக் காணி என்றால் 66 சென்ட். பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், தெளிவாக இருக்கிறது: வாய்க்காலுக்குக் கிழக்கு, பங்காளி நிலத்துக்குத் தெற்கு, இதன் மத்தியில் கிழமேலடி இவ்வளவு, தென்வடலடி இவ்வளவு என்று அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். வரப்பும் அன்றிலிருந்து இன்றுவரை ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் இணையப் பட்டாவில் எங்கள் உட்பிரிவுக்கு உள்ள பரப்பு 0.22.5 ஹெக்டேர், அதாவது 55 சென்ட் சொச்சம். காணாமற்போன 10 சென்ட் கிழக்குப் பக்கத்து உட்பிரிவில் பத்திரமாகச் சேர்ந்திருக்கிறது.

இந்தத் தவறைச் செய்தது கணினி அன்று. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் வாயில் யூடிஆர் என்று வழங்கும் அந்தத் திட்டத்தில், கிராமம் கிராமமாகப் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. பல இடங்களில் உட்பிரிவு எண்களும் மாறின. திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1980 நவம்பரில், கிராமக் கணக்கும் நிர்வாகமும் பார்த்த பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அந்தப் பதவி ஒழிப்பு சமூக நீதி நோக்கில் சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் எந்த வயல் யாருடையது, எந்த வரப்பு எந்த ஆண்டு நகர்ந்தது என்பதையெல்லாம் தலைக்குள் வைத்திருந்தவர்கள் விலகிய அதே காலத்தில்தான் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன என்பதை மறந்துவிட முடியாது. பெயர் விடுபட்டதும், பரப்பு மாறி விழுந்ததும், கூட்டுப் பட்டாவில் சம்பந்தமில்லாதவர் ஏறியதும் அப்போது நேர்ந்தவை. பின்னாளில் கணினிக்குள் ஏற்றியபோது அந்தப் பதிவேடே மூலமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வயலில் போய் எவரும் சரிபார்க்கவில்லை.

காகிதத்தில் இருந்தவரை அந்தத் தவறு பதிவேட்டுக் கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தாத்தாவும் அப்பாவும் 66 சென்ட்டிலும் பயிர் வைத்தார்கள். பயிர்க் கணக்கான அடங்கலில் கிராம நிர்வாக அலுவலர் பயிரை எழுதினார். யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. இப்போதோ பட்டாவில் உள்ள பரப்பு கூட்டுறவுச் சங்கக் கடனுக்குப் போகிறது, பயிர்க் காப்பீட்டுக்குப் போகிறது, பி.எம். கிசானின் ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்குப் போகிறது, அண்மையில் முகாம் போட்டு வழங்கிய விவசாயி தனித்துவ அடையாள எண்ணுக்கும் போகிறது. வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் வரும் நிவாரணமும் அதே பரப்புக்குத்தான். கடலூர்க்காரர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓரிடத்து எழுத்துப் பிழை இன்று எல்லா அலுவலகத்திலும் ஒரே நேரத்தில் உண்மையாகிவிடுகிறது.

பக்கத்து நிலத்துக்காரர் எங்களோடு வழக்காடுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த 10 சென்ட் தங்களுடையது அன்று என்று அவரும் அவருடைய தம்பியும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்கள். அப்படியும் வேலை நடக்கவில்லை. ஏனென்றால் அந்த உட்பிரிவின் பட்டா இறந்துபோன அவர்களுடைய அப்பா பெயரிலேயே நிற்கிறது. அவர்களுக்கு வாரிசுச் சான்று வேண்டும்; திருமணமாகி வெளியூரில் இருக்கும் சகோதரிகளும் வர வேண்டும்; பட்டா வாரிசுகள் பெயருக்கு மாற வேண்டும்; அதன் பிறகுதான் எங்கள் மனுவை எடுத்துக்கொள்ள முடியும் என்று சொல்லப்பட்டது. இதில் சட்டப்படி தவறு ஒன்றும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அளவுக்காக நான் பணம் கட்டினேன், நில அளவர் இரண்டு முறை வரவில்லை, மூன்றாம் முறை வந்து சங்கிலி பிடித்து, வயலில் இருப்பது பத்திரப்படிதான் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்தால் நிராகரிப்பு. காரணம் ஒரே வரி: ஆவணங்கள் போதுமானதாக இல்லை. எந்த ஆவணம் என்று நேரில் போய்க் கேட்டேன். “சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது” என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை; அவருடைய திரையிலும் அந்த ஒரு வரிதான் இருந்தது.

1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி வட்டாட்சியர் ஆணையின் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் செய்யலாம். ஆனால் மேல்முறையீடு செய்வதற்குக் காரணம் சொல்லும் ஆணை ஒன்று வேண்டாமா? ஒரு வரி நிராகரிப்பை எதிர்த்து எதை வாதிடுவது? கைப்பட எழுதிய காலத்தில்கூட அலுவலர் நாலு வரியாவது காரணம் எழுதுவார். இன்று பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் கோப்பு முடிகிறது. நிலுவைக் கணக்கும் குறைகிறது. விரைவு என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி இப்படி வந்ததோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இன்னொன்று, படித்தவர்களே கவனிக்காமல் விடுவது. ஊரில் பெரும்பாலோர் இந்த விண்ணப்பங்களைத் தாங்களே போடுவதில்லை; இ-சேவை மையத்திலோ தெரிந்த தரகர் மூலமோ போடுகிறார்கள். பதிவாகும் கைப்பேசி எண்ணும் பல நேரங்களில் அந்த மையத்தாருடையதோ தரகருடையதோதான். ஒருமுறைக் கடவுஎண்ணும் (ஓடிபி) அங்கே போகிறது, அளவைக்கு வரும் நாளைப் பற்றிய குறுஞ்செய்தியும் அங்கே போகிறது. என் முதல் விண்ணப்பத்துக்கு நில அளவர் இரண்டு முறை வரவில்லை என்று எழுதினேன் அல்லவா? ஒருமுறை வந்திருக்கிறார். தகவல் தரகருக்குப் போய், அவர் எனக்குச் சொல்ல மறந்திருக்கிறார். வங்கியில் முப்பது ஆண்டு, “உங்கள் எண்ணை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்” என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

அச்சம் தருவது அடுத்தது. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத கிரயங்களில், விற்பவர் பெயரில் பட்டா இருந்தால், பத்திரம் பதிவானதுமே பட்டாவும் தானாக வாங்குபவர் பெயருக்கு மாறுகிறது. நல்ல ஏற்பாடு, இடைத்தரகு குறைந்திருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து நிலத்தின் பட்டா வாரிசுகள் பெயருக்கு மாறிய பிறகு, அவர்கள் அந்தப் பட்டாப்படி விற்றால், எங்கள் 10 சென்ட்டும் ஒரே நாளில் மூன்றாம் மனிதரிடம் போய்விடும். வாங்கியவர் நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்தவராக இருப்பார். பட்டா என்பது உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பதிவுச் சட்டமும் பத்திரத்தைப் பதிகிறதே தவிர விற்றவருக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறுவதில்லை. அப்படியானால் எங்களுக்கு மிஞ்சுவது உரிமையியல் வழக்கு. 10 சென்ட்டுக்காக அடுத்த தலைமுறை வரை நடக்கும் வழக்கு. வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் 7 சதவீதம் முத்திரைத்தாள் கட்டணமும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமும் வாங்குகிற அரசு, பதிவு, வருவாய் என்ற தன் இரண்டு துறைகளின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்துத் தருவது கூடுதல் சலுகை ஆகாது.

வில்லங்கம் பார்ப்பதிலும் இதே ஓட்டை இருப்பதை அத்தை மகனிடம் சொல்லி வைத்தேன். இன்றைய உட்பிரிவு எண்ணைக் கொடுத்துத் தேடினால், பழைய எண்ணில் பதிவான 1970களின் பத்திரம் கண்ணில் படாமலே போகலாம். “வில்லங்கம் ஏதுமில்லை” என்று வந்தால், கொடுத்த எண்ணில் ஏதுமில்லை என்றுதான் பொருள். பழைய உட்பிரிவு இன்ன எண், புதியது இன்ன எண் என்ற ஒப்புப் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. அதையும் கிராமவாரியாக இணையத்தில் ஏற்றினால், பாதி ஏமாற்று தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும் என்பது என் கணிப்பு. செலவும் பெரிதாக ஆகாது.

அத்தை மகனுக்கு அவருடைய கவலை. புதுச்சேரியில் நில ஆவண மென்பொருளுக்கு ‘நிலமகள்’ என்று அழகான பெயர். அவர்கள் பட்டாவில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்று கட்டத்தில் கணக்கு. மூலப் பத்திரமோ பிரெஞ்சுக் காலத்து நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அலுவலர், எழுதியது. அதைத் தமிழாக்கிச் சான்று வாங்கவே அவருக்கு ஒரு பருவம் போயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கமும் பார்ப்பது கைப்பேசியில், திருத்துவது நடையில் என்றே அவர் சொல்கிறார்.

நான் கேட்பது புதிய செயலி அன்று. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி இன்று பெரும்பாலும் மனு வாங்கும் நாளாகிவிட்டது. கிராமக் கணக்கைத் தணிக்கை செய்வதுதான் அதன் மூல வேலை. ஓராண்டுக்கு வட்டத்துக்குச் சில கிராமங்களையாவது எடுத்துக்கொண்டு, புல எண்வாரியாகப் பரப்பும் உரிமையாளரும் உள்ள ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் ஊர் நடுவில் வைத்து உரக்கப் படிக்கட்டும். பத்திரமும் வரப்பும் ஒத்துப்போய், இரு தரப்பும் சம்மதிக்கிற பிழைகளை அங்கேயே ஆணையிட்டுத் திருத்தட்டும். தகராறு உள்ளவை மேலே போகட்டும். ஊரில் வயது எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். எந்த வரப்பு எப்போது போட்டது என்று சொல்ல அவர்களை விட்டால் ஆளில்லை.

பக்கத்து நிலத்து அண்ணன் தம்பிகளோடு போன மாதம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். இந்த முறை அவர்களுடைய கைப்பேசி எண்ணையே கொடுத்திருக்கிறோம். மூத்த சகோதரி பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.