கொம்பைப் பாருங்கள், நிறம் அப்புறம்
"பவளப்பாறையில் வாழும் சின்ன இறால்களை நிறத்தையும் கோடுகளையும் வைத்தே பிரித்துவிடலாம்" என்று இறால்களை அடையாளம் காண்பது பற்றிய இந்தக் கட்டுரையில் இருக்கிறது, அது பாதிதான் சரி. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பெப்பர்மின்ட் இறால் என்று கேட்டால் கேமல் இறாலைக் கவரில் போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சிவப்பு, இரண்டிலும் கோடு. வாங்கியவர் தொட்டியில் களைபோல் முளைத்த ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியை அது தின்று தீர்க்கும் என்று காத்திருப்பார், அது அவருடைய மென்பவளத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும். நெற்றிக் கொம்பை, அதாவது கண்களுக்கு நடுவே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை, பார்த்தால் வேலை முடிந்தது. கேமலுக்கு அது கீல் வைத்த மாதிரி மேலும் கீழும் அசையும். கண் பெரிது, முதுகில் ஒரு தூக்கல், சிவப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள். பெப்பர்மின்ட்டின் கொம்பு அசையாது. கோடு கைகொடுக்கும் இடமும் உண்டு: மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் க்ளீனர் இறாலின் முதுகு வெள்ளைக்கோடு வால் விசிறிக்கு முன்பே நின்று, விசிறியில் தனிப் புள்ளிகள் இருந்தால் அது இந்தோ-பசிபிக் கடலின் அம்பாயினென்சிஸ் இனம், கோடு வால் வரை ஓடினால் அட்லாண்டிக்கின் கிராபாமி இனம். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் "எந்த உயிரின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும்" என்கிறார். எம்பரர் இறால் கடல் அட்டை மேலும் சவாரி செய்யும், ஸ்பானிஷ் டான்சர் என்ற ஓடில்லாத கடல் நத்தை மேலும் சவாரி செய்யும், என்ன செய்வீர்கள்? நிறத்தை மட்டும் நம்பினால் சாரன் இறாலும் ஏமாற்றும், பகலில் பச்சையும் பழுப்புமாக இருப்பது ராத்திரியில் சிவந்துவிடும். கட்டுரைப் படங்கள் பலவும் மேலிருந்து எடுத்தவை, கொம்பே தெரியவில்லை. பக்கவாட்டுப் படம் சேர்த்தால் நல்லது.